நூற்றுப்பத்து ஆண்டிற் கட்டிய பாலம்



உயர்ந்த பாலமொன்றைக் காணச் செல்வோர் வழக்கமாக இரண்டு கேள்விகளைக் கேட்பர். இது எவ்வளவு உயரம் என்பது ஒன்று. இதைக் கட்டியவர் யார் என்பது மற்றொன்று. இன்று நான் உங்களை அழைத்துச் செல்ல விரும்பும் பாலத்தைப் பொறுத்தவரையில் முதற் கேள்விக்கு விடை கூறுதல் எளிது. ஆற்றிற் பெருக்கு நிறைந்திருக்கும் வேளையிலும் அதன் தளம் நீருக்கு மேலே 245 அடி உயரத்தில் நிற்கின்றது. மூன்று நெடுந்தென்னைகளை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினாலும் அத்தளத்தை எட்டுவது ஐயமே. இரண்டாங் கேள்விக்கோ அத்துணை எளிதாக விடை கூறிவிட முடியாது. பணத்தை வைத்தவர் ஒருவர். படத்தை வரைந்தவர் ஒருவர். முடித்து வைத்தவர்கள் வேறு சிலர். முதல் இருவரும் அப்பாலத்தில் ஒரு நாளேனும் நடந்ததில்லை. ஆதலால் இப்பாலத்தைக் காண்பதென்றால் அதன் அழகைக் காண்பது பாதி. அதன் வரலாற்றைக் கேட்பது மீதி.

இங்கிலாந்தின் மேற்குப் பகுதியிலே, இலண்டனிலிருந்து ஏறக்குறைய 120 மைல் தொலைவில், பிறிஸ்ரல் என்னும் பழைய துறைமுக நகரம் உள்ளது. ஏவன் என்னும் ஆறு நகரத்தின் நடுவே ஓடிச் செவேர்ன் ஆற்றின் கழிமுகத்தை நோக்கிச் செல்கின்றது. செல்லும் வழியிற் சுண்ணாம்புக்கல் மலைத்தொடரொன்று குறுக்கே கிடக்கின்றது. ஆறு அதனைச் சுற்றிப் போகவில்லை, ஊடறுத்துக்கொண்டு போகின்றது. அவ்வாறு அறுத்த இடமே ஏவன் மலையிடுக்கு. இருபுறமும் செங்குத்தான பாறைகள். கீழ்க்கரையின் உச்சியிற் கிளிப்ரன் என்னும் அழகிய குடியிருப்பு. மேற்கரையின் உச்சியில் லீ வூட்ஸ் என்னும் காடு. இந்தப் பாறைகளிலும் காட்டிலும் அன்றி உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத மரவகைகளும் உண்டு. பிறிஸ்ரலின் பெயரையே தாவரவியற் பெயராகக் கொண்ட வெண்முக மரம் அவற்றுள் ஒன்று. அதன் இலையின் அடிப்புறம் வெளிறியிருப்பதனாற் காற்றடிக்கும்போது மரம் முழுவதும் வெண்மை பூத்தாற்போலத் தோன்றும்.

ஆற்றைப் பற்றியும் ஒரு சொல். நம்முடைய கரைகளிற் கடல் வற்றுவதும் பெருகுவதும் இரண்டு மூன்று அடிக்குள் அடங்கிவிடும். ஏவன் ஆற்றிலோ பெரும் பெருக்குக் காலங்களில் அவ்வேறுபாடு நாற்பது அடிக்கு மேற் போகும். உலகிலேயே மிக உயர்ந்த வற்றுப்பெருக்குக் காணப்படும் கடற்பகுதிகளுள் செவேர்ன் கழிமுகம் ஒன்று. காலையில் அகன்ற நீர்ப்பரப்பாகக் கிடந்த ஆறு மாலையில் மின்னும் சேற்றுக் கரைகளுக்கிடையே சிறு வாய்க்காலாகச் சுருங்கிக் கிடப்பதைக் காணலாம். பாலத்தைக் காணச் செல்வோர் இரு வேளையும் சென்று பார்த்தல் நன்று. ஒரே பாலம் இரண்டு வெவ்வேறு ஆறுகளின் மேல் நிற்பது போன்ற தோற்றத்தை அது தரும்.

இத்தகைய இடத்திற் பாலம் அமைக்க வேண்டுமென்ற எண்ணம் முதலில் ஒரு பொறியியலாளருக்குத் தோன்றவில்லை. அது திராட்சைமது விற்ற வணிகர் ஒருவருக்குத் தோன்றியது. அவர் பெயர் வில்லியம் விக். அக்காலத்துப் பிறிஸ்ரல், கடல் வாணிகத்தினாற் செல்வம் கொழித்த நகரம். ஆபிரிக்க மக்களை அடிமைகளாக ஏற்றிச் சென்று விற்ற கொடிய வாணிகமும் அச்செல்வத்தின் ஊற்றுகளுள் ஒன்று என்பதை மறைப்பதற்கில்லை. விக் 1754ஆம் ஆண்டிற் காலமானபோது தமது மரணசாதனத்தில் ஆயிரம் பவுண் பணத்தை நகரத்து வணிகர் சங்கத்திடம் ஒப்படைத்தார். அப்பணத்தை வட்டிக்கு விட்டு வளர்க்க வேண்டும். பத்தாயிரம் பவுணாக வளர்ந்ததும் கிளிப்ரனிலிருந்து எதிர்க்கரைக்குக் கல்லாற் பாலம் ஒன்று கட்ட வேண்டும். அதிற் செல்வோரிடம் ஆயம் அறவிடுதல் ஆகாது. இவையே அவர் விருப்பங்கள். ஆயிரம் பத்தாயிரம் ஆவதற்கு எத்தனை ஆண்டு செல்லும் என்பது கணக்குத் தெரிந்த வணிகருக்குத் தெரியாததன்று. தாம் காணப் போவதில்லை என்று நன்கறிந்தே ஒரு பாலத்துக்கு வித்திட்டுச் சென்றார் அவர்.

வித்து மெல்ல வளர்ந்தது. எழுபத்தைந்து ஆண்டுகளின் பின், 1829ஆம் ஆண்டிற் கணக்குப் பார்த்தபோது ஏறக்குறைய எண்ணாயிரம் பவுண் இருந்தது. ஆனால் அந்த மலையிடுக்கிற் கற்பாலம் கட்டுவதற்கோ தொண்ணூறாயிரம் பவுண் வேண்டும் என்று மதிப்பிட்டனர். பாலத்தின் கீழே பாய்மரக் கப்பல்கள் தங்குதடையின்றித் துறைமுகத்துக்குச் சென்றுவர வேண்டும் என்ற கட்டாயமும் இருந்தது. உயரம் மிகுந்தாற் செலவும் மிகும். ஆகவே கல்லைக் கைவிட்டு இரும்பாலே தொங்குபாலம் அமைப்பதென்று தீர்மானித்தனர். இரும்பாற் கட்டவும் ஆயம் அறவிடவும் 1830ஆம் ஆண்டிற் பாராளுமன்றம் சட்டம் இயற்றி இடங்கொடுத்தது. பாலம் தொடங்குவதற்கு முன்னரே விக் சொன்னவற்றுள் இரண்டு மாறிவிட்டன.

தக்க படம் வரைந்து தருவோருக்குப் பரிசு என்று 1829ஆம் ஆண்டிற் போட்டி ஒன்று வைத்தனர். அதற்கு நடுவராக அமர்ந்தவர் தோமஸ் தெல்போட். வேல்சு நாட்டில் மெனாய் நீரிணையின் மேல் 1826ஆம் ஆண்டில் மாபெருந் தொங்குபாலத்தைக் கட்டித் திறந்த முதுபெரும் பொறியியலாளர் அவர். வந்த படங்கள் அனைத்தையும் அவர் ஒதுக்கிவிட்டார். தமது மெனாய்ப் பாலத்தின் நீளத்தை மிஞ்சித் தொங்குபாலம் அமைத்தாற் பெருங்காற்றுக்குத் தாங்காது என்பது அவர் கருத்து. பிறகு, மலையிடுக்கின் அடியிலிருந்தே வானளாவிய இரு கோபுரங்களை எழுப்பும் படமொன்றைத் தாமே வரைந்து கொடுத்தார். இரண்டு உயர்ந்த பாறைகளை இயற்கை தந்திருக்க, அவற்றை விட்டுவிட்டு ஆற்றங்கரைச் சேற்றிலிருந்து கோபுரம் எழுப்புவானேன் என்று ஊரார் கேட்கத் தொடங்கினர். மறுபடியும் போட்டி வைக்கப்பட்டது. இம்முறை டேவிஸ் கில்பேட் என்னும் அறிஞர் நடுவராக அமர்ந்தார்.

முதற் போட்டியில் ஒதுக்கப்பட்டவர்களுள் இசம்பாட் கிங்டம் புறூனெல் என்ற இளைஞர் ஒருவர். தேம்சு ஆற்றின் அடியிற் சுரங்கப் பாதை அமைத்த மார்க் புறூனெலின் மைந்தர். தந்தையுடன் அச்சுரங்கத்திற் பணியாற்றியபோது 1828ஆம் ஆண்டில் வெள்ளம் உட்புகுந்து உயிர்தப்பியவர். இரண்டாம் போட்டியிலும் அவருடைய படத்துக்கு முதலிற் கிடைத்தது இரண்டாம் இடமே. அவர் சோர்ந்துவிடவில்லை. நடுவரை நேரிற் கண்டு, அவர் எழுப்பிய ஐயங்களுக்கெல்லாம் விடைகூறித் தம் படமே ஏற்றது என்று ஒப்புக்கொள்ளச் செய்தார். 1831ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் அவர் வெற்றி பெற்றபோது அவருக்கு வயது இருபத்தைந்து நிரம்பவில்லை.

அவ்வாண்டு யூன் மாதம் தொடக்கவிழா நடந்தது. ஒக்தோபரிற் பிறிஸ்ரல் நகரம் தீப்பற்றியது. வாக்குரிமையைத் திருத்தும் மசோதாவைப் பிரபுக்கள் சபை தள்ளிவிட்டதனால் மக்கள் கொதித்தெழுந்தனர். நகரத்து மாளிகைகள் எரிந்தன. உயிர்கள் பல மாண்டன. ஒழுங்கைக் காக்க நியமிக்கப்பட்ட தற்காலிகக் காவலருள் புறூனெலும் ஒருவரானார். கலகம் அடங்கிய பின்னர் அந்நகரத்திற் பணம் போடுவோர் இலர். பாலவேலையும் நின்றது.

ஐந்தாண்டுகளின் பின் 1836ஆம் ஆண்டு ஓகஸ்து மாதத்தில், லீ வூட்ஸ் கரையில் அடிக்கல் நாட்டப்பட்டது. வேலையாட்களும் பொருள்களும் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குச் செல்லுவதற்காக, இரும்புக் கம்பியொன்றை இடுக்கின் குறுக்கே இழுத்துக் கட்டினர். அதன் நீளம் ஆயிரம் அடி. அதிலே கூடை ஒன்று கப்பியில் ஓடும். புறூனெல் அக்கூடையில் ஏறிச் சென்றபோது அது நடுவழியிற் சிக்கிக்கொண்டதென்றும், அவர் தாமே கூடையின் மேலே ஏறிக் கப்பியை விடுவித்தாரென்றும் சொல்லுவர். ஆற்றின் மேலே அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்த அக்கூடையிற்றான் புறூனெல் அந்த மலையிடுக்கைக் கடந்தார். பாலத்தின் மேல் நடந்து கடக்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

1843ஆம் ஆண்டிற் பணம் முழுவதும் தீர்ந்தது. செலவானது நாற்பத்தையாயிரம் பவுண். முடிப்பதற்கு இன்னும் முப்பதினாயிரம் பவுண் வேண்டும். கொடுப்பார் இல்லை. இரு கரைகளிலும் எழும்பிய இரு கோபுரங்கள் ஒன்றையொன்று பார்த்தபடி, இடையே ஒன்றுமில்லாமல் நின்றன. எகிப்திய முறையில் அவற்றை அலங்கரித்து உச்சியிற் சிங்கவுடல் கொண்ட சிலைகளை வைக்க வேண்டுமென்று புறூனெல் எண்ணியிருந்தார். அலங்காரத்துக்குப் பணமில்லாமல் வெறுங்கல்லாகவே அவை விடப்பட்டன. பாலத்துக்கென்று செய்து வைத்திருந்த சங்கிலிகளையும் 1853ஆம் ஆண்டில் விற்றனர். சோல்ட்டாஷ் என்னும் இடத்தில் வேறொரு பாலத்துக்கு அவை சென்றன. அதைக் கட்டியவரும் புறூனெல்தான். மூத்த பிள்ளைக்கு வாங்கிய நகையை விற்று இளைய பிள்ளைக்குக் கல்யாணம் செய்தாற்போல ஆயிற்று. கிளிப்ரன் பாலத்தைத் தம் முதற் குழந்தை என்றே நாட்குறிப்பில் எழுதி வைத்தவர் அவர் என்பதை நினைத்தால் இவ்வுவமை மிகையாகத் தோன்றாது.

இந்த இடைக்காலத்தில் அவர் செய்து முடித்தவை கொஞ்சமல்ல. இலண்டனிலிருந்து பிறிஸ்ரலுக்குப் புகையிரதப் பாதை அமைத்தார். அது 1841ஆம் ஆண்டில் முழுமையாகத் திறக்கப்பட்டது. ‘கிறேற் பிறிற்றன்’ என்னும் இரும்புக் கப்பலைப் பிறிஸ்ரலிலேயே கட்டி 1843ஆம் ஆண்டில் நீரில் இறக்கினார். அடுத்த ஆண்டின் இறுதியில் அக்கப்பல் ஏவன் ஆற்றின் வழியே கடலுக்குச் சென்றபோது, மேலே பாலமில்லை. முடிவடையாத கோபுரங்கள் மட்டுமே நின்றன. உலகம் வியந்த வேலைகளையெல்லாம் முடித்த அம்மனிதர் தாம் முதலிற் கனவு கண்ட வேலையை முடிக்காமலே 1859ஆம் ஆண்டு செத்தெம்பர் 15ஆந் தேதி, ஐம்பத்து மூன்றாம் வயதிற் கண்மூடினார்.

இங்கேதான் இப்பாலத்தின் வரலாறு திரும்புகின்றது. இறந்த ஒருவருக்கு நினைவுச் சின்னம் வைப்பதென்றாற் பொதுவாகச் சிலை வைப்பர். புறூனெலுடைய தோழர்களாகிய பொறியியலாளர்கள் அவர் விட்டுச்சென்ற பாலத்தை முடிப்பதே அவருக்கேற்ற சின்னம் என்று துணிந்தனர். தொழிலில் ஒருவரோடொருவர் போட்டியிட்டவர்களும், வாதாடியவர்களும் அவர்களுள் இருந்தனர். காலமும் துணைசெய்தது. இலண்டனில் ஹங்கபோட் என்னுமிடத்தில் நடந்து செல்வோருக்காகப் புறூனெல் 1845ஆம் ஆண்டில் அமைத்த தொங்குபாலத்தைப் புகையிரதப் பாலத்துக்கு இடமளிக்க உடைக்கவேண்டி வந்தது. அதன் சங்கிலிகளை ஐயாயிரம் பவுணுக்கு வாங்கினர். கிளிப்ரனின் சங்கிலியை விற்றுவிட்ட குறை, புறூனெலின் மற்றொரு பாலத்துச் சங்கிலியாலேயே நிறைந்தது.

வேலையை ஏற்று நடத்தியவர்கள் ஜோன் ஹோக்ஷோ, வில்லியம் ஹென்றி பார்லோ என்னும் இருவர். அவர்கள் புறூனெலுடைய படத்தை எழுத்துக்கெழுத்துப் பின்பற்றவில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு சங்கிலி என்று அவர் வரைந்திருந்தார். அவர்கள் மூன்று வைத்தனர். தளத்தை அகலமும் உறுதியும் உடையதாக்கினர். இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் இரும்பைப் பற்றியும் காற்றைப் பற்றியும் பொறியியலாளர் பலவற்றைக் கற்றிருந்தனர். காற்றைப் பற்றித் தெல்போட் கொண்ட அச்சம் வீணானதன்று. தளம் மெலிந்த தொங்குபாலங்கள் சிலவற்றை அக்காலத்தில் புயல் சிதைத்திருந்தது. கற்ற பாடத்தை நண்பருடைய படத்தின் மேல் ஏற்றிக் கட்டினர். முடிந்ததும் 500 தொன் கல்லைப் பாலத்தின் மேற் பரப்பிச் சோதித்தபோது நடுப்பகுதி ஏழு அங்குலமே தாழ்ந்தது. 1864ஆம் ஆண்டு திசெம்பர் 8ஆந் தேதி பாலம் திறக்கப்பட்டது. விக் இறந்து நூற்றுப்பத்து ஆண்டுகள் கடந்துவிட்டன. புறூனெல் இறந்து ஐந்தாண்டுகள் கடந்துவிட்டன.

இனிப் பாலத்தைச் சென்று காண்போம். முதலில் ஆற்றங்கரைத் தெருவிலிருந்து அண்ணாந்து பார்க்க வேண்டும். அங்கிருந்து நோக்கினாற் பாலம் வானத்தில் வரைந்த கோடு போலத் தோன்றும். அதன்மேற் செல்லும் வண்டிகள் சிறுவர் விளையாட்டுப் பொருள்கள் போலத் தோன்றும். பிறகு கிளிப்ரன் குன்றின்மேல் உள்ள பழைய வான்நோக்ககத்துக்கு ஏறிச் சென்று பக்கவாட்டில் நோக்க வேண்டும். கோபுரத்திலிருந்து கோபுரம் வரை 702 அடி நீளத்துக்குத் தொங்கும் சங்கிலியின் வளைவு முழுவதும் அங்கிருந்தே நன்கு விளங்கும். தளம் மட்டமாக இருப்பதாகக் கண் சொல்லும். உண்மையிற் கிளிப்ரன் பக்கம் ஏறக்குறைய மூன்று அடி உயர்ந்தது. சரிந்த நிலமும் செங்குத்துப் பாறையும் கண்ணை மயக்கும் என்பதை முன்னறிந்து அவ்வாறு அமைத்தனர்.

மூன்றாவதாகப் பாலத்தின்மேல் நடக்க வேண்டும். நடப்போருக்குக் கட்டணமில்லை. சங்கிலிகளின் அருகே நின்று பார்த்தால் அவை தட்டையான இரும்புப் பட்டைகளை ஊசியாணியாற் கோத்தவை என்பது புலப்படும். துவிச்சக்கர வண்டியின் சங்கிலியைப் பெருக்கிப் பார்த்தாற்போல் இருக்கும். அவற்றிலிருந்து 162 இரும்புக் கம்பிகள் இறங்கித் தளத்தைத் தாங்குகின்றன. கோபுரத்தின் அருகே உள்ள கம்பி 65 அடி நீளம். நடுவில் உள்ளது மூன்றே அடி. நடுவிலே சங்கிலி கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிடும்.

தொங்குபாலத்தின் தத்துவத்தை அறிய வீட்டு முற்றத்துக் கொடிக்கயிற்றை நினைத்தாற் போதும். ஈரத்துணியைப் போட்டதும் கயிறு தாழ்ந்து, இருபுறத்துக் கம்பங்களையும் உள்ளே இழுக்கும். கம்பம் சாயாமலிருக்க வேண்டுமானால், கயிற்றைக் கம்பத்தின் தலைமேலாக அப்பாற் கொண்டுசென்று நிலத்திலே முளையடித்துக் கட்ட வேண்டும். இங்கும் அதுவே செய்துள்ளனர். சங்கிலிகள் கோபுரங்களின் உச்சியில் உருளைகளின்மேல் அமைந்த இருக்கைகளிலே தங்கி, அப்பாற் கீழிறங்கிப் பாறைக்குள்ளே புகுகின்றன. வெப்பத்தாற் சங்கிலி நீண்டாலும் பாரத்தால் இழுபட்டாலும் அவ்விருக்கைகள் சற்று நகர்ந்து கொடுக்கும். கோபுரம் நிமிர்ந்தே நிற்கும். பாறைக்குள்ளே ஏறக்குறைய 80 அடி நீளத்துக்குச் சுரங்கம் அகழ்ந்து, உள்ளே செல்லச் செல்ல அதை அகலமாக்கி, சங்கிலியின் நுனியை அங்கே பொருத்திக் கடினமான செங்கல்லால் அடைத்துள்ளனர். போத்தலின் உள்ளே பருத்த அடைப்பானை வெளியே இழுக்க முடியாதல்லவா? அதுபோலவே. பாலத்தின் முழுப்பாரத்தையும் ஈற்றிலே பிடித்து வைத்திருப்பது கண்ணுக்குத் தெரியாத அந்த நங்கூரங்களே.

கோபுரத்தில் இலத்தீன் மொழியில் ஒரு வாசகம் பொறித்துள்ளனர். தொங்கும் வழி அரிதின் முயன்று அமைக்கப்பட்டது என்பது அதன் பொருள். அரிதின் என்று பொருள்படும் இலத்தீன் சொல் ‘விக்ஸ்’. அதிலே வில்லியம் விக்கின் பெயரும் ஒலிக்கின்றது. நம் புலவர்கள் போற்றும் சிலேடை பிறிஸ்ரலின் கல்லிலும் உண்டு என்று காண்பது ஒரு மகிழ்ச்சி. நூற்றுப்பத்து ஆண்டுக்கு முன் பணம் வைத்த வணிகரை, கட்டி முடித்தவர்கள் மறந்துவிடவில்லை என்பது அதனினும் பெரிய மகிழ்ச்சி.

லீ வூட்ஸ் பக்கத்தில் கோபுரத்தைத் தாங்கி நிற்கும் செங்கல்மலை போன்ற பெருங்கட்டடம் ஒன்று உண்டு. அதன் உயரம் 110 அடி. அது முழுவதும் கல்லடைத்த திண்மையான கட்டடம் என்றே நெடுங்காலம் நம்பியிருந்தனர். 2002ஆம் ஆண்டிற் பழுதுபார்க்கும் வேலை நடந்தபோது, அதனுள்ளே வளைவுக் கூரையுடைய பன்னிரண்டு பெரிய அறைகள் இருப்பது தெரிய வந்தது. சிலவற்றின் உயரம் 35 அடி. கல்லையும் செலவையும் குறைப்பதற்காகவே உள்ளே வெற்றிடம் விட்டுக் கட்டியிருக்கின்றனர். சுண்ணாம்பு நீர் சொட்டி வளர்ந்த கல்விழுதுகள் அவ்வறைகளிலே தொங்குகின்றன. கட்டியவர்கள் போய்விட்டனர், அவர்களுடைய சிக்கனம் நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேலாக இருளிலே காத்திருந்தது.

இன்னொரு நிகழ்ச்சியையும் கூறவேண்டும். 1844ஆம் ஆண்டில் வெறுங்கோபுரங்களுக்கிடையே கடலுக்குச் சென்ற ‘கிறேற் பிறிற்றன்’ கப்பல் உலகெங்கும் ஓடி, ஈற்றிலே தென் அத்திலாந்திக்கில் உள்ள போக்லாந்துத் தீவுகளிற் பழுதடைந்து, 1937ஆம் ஆண்டிற் கைவிடப்பட்டுக் கிடந்தது. அதை மீட்டு மிதவையில் ஏற்றி, 1970ஆம் ஆண்டு யூலை மாதத்தில் ஏவன் ஆற்றின் வழியே தாயகத்துக்குக் கொண்டுவந்தனர். இரு கரைகளிலும் மக்கள் திரண்டு நின்றனர். புறூனெலின் கப்பல் அன்றுதான் முதன்முறையாகப் புறூனெலின் பாலத்தின் கீழே சென்றது. தந்தை ஒருவர் விட்டுச்சென்ற இரு பிள்ளைகள், அவர் போய் நூற்றுப்பதினொரு ஆண்டுகளின் பின் ஒன்றையொன்று சந்தித்தாற் போன்ற காட்சி அது.

இப்பொழுது தொடக்கத்திற் கேட்ட கேள்விக்கு மீள்வோம். இது யார் கட்டிய பாலம்? விக்கின் பாலம் என்றால், அவர் கேட்டது கற்பாலம், இது இரும்பு. அவர் ஆயம் வேண்டாமென்றார். வண்டிகள் இன்றும் ஆயம் செலுத்துகின்றன. புறூனெலின் பாலம் என்றால், அவர் வரைந்தது இரண்டு சங்கிலி, அலங்கரித்த கோபுரம். நிற்பது மூன்று சங்கிலி, வெறுங்கல். முன்னோர் சொன்னதை எழுத்துப் பிசகாமற் செய்யவேண்டும் என்று பிடிவாதம் பிடித்திருந்தாற் பாலமே இருந்திராது. அவர்கள் சொன்னதை முற்றிலும் மறந்திருந்தாலும் இருந்திராது. ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு மக்கள் செல்ல வேண்டும் என்ற விருப்பத்தைக் காத்து, அதை நிறைவேற்றும் வழியைக் காலத்துக்கேற்ப மாற்றியமையாலேயே அது நிற்கின்றது. மரணசாதனத்துக்கும் மரியாதை செய்து உண்மைக்கும் மரியாதை செய்வது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

ஆயத்தைப் பற்றி விக்கின் சார்பில் வருந்துவோருக்கும் ஒரு விடை உண்டு. அறவிடும் பணம் பாலத்தைப் பேணுவதற்கே செலவாகின்றது. குதிரை வண்டிகளுக்கென்று கட்டிய பாலத்திலே இன்று ஆண்டுதோறும் ஏறக்குறைய நாற்பது இலட்சம் வண்டிகள் செல்கின்றன. மிகுந்த பாரமுடைய வண்டிகளை விடுவதில்லை. 2009ஆம் ஆண்டிற் கம்பியொன்றில் வெடிப்புக் காணப்பட்டபோது உடனே பாலத்தை மூடிப் பழுதுபார்த்தனர். துரு சுரண்டுவோர், வர்ணம் பூசுவோர், ஆணி பார்ப்போர், இரவிலே காவல் நிற்போர் எல்லாரும் இப்பாலத்தைக் கட்டியோர் வரிசையிற் சேர்த்து எண்ணத்தக்கவர்களே. அவர்கள் ஒரு தலைமுறை கைவிட்டால் நூற்றுப்பத்து ஆண்டு முயற்சியும் ஆற்றுச் சேற்றுக்குள் போய்விடும்.

நம் ஊர்களிலும் யாரோ ஒரு பெரியவர் தொடங்கி வைத்துக் கூரையேறாமல் நிற்கும் வாசிகசாலைகள் உண்டு. கல் அடுக்கியபடியே விடப்பட்ட குளக்கரைகள் உண்டு. தொடங்கியவர் போய்விட்டார் என்பதை நாம் வேலையை நிறுத்துவதற்குக் காரணமாகக் கூறுகின்றோம். கிளிப்ரனில் அதே காரணத்தினாற்றான் வேலை மீண்டும் தொடங்கிற்று. அங்கு செல்லும் வாய்ப்புக் கிடைக்குமானால், பெருக்கு நேரத்தில் ஒரு முறையும் வற்று நேரத்தில் ஒரு முறையுமாகப் பாலத்தைக் கண்டுவாருங்கள். நடுவிலே, சங்கிலி கைக்கெட்டும் இடத்திலே சற்று நின்று, இரு கோபுரங்களையும் மாறி மாறிப் பாருங்கள். இருபது ஆண்டுக்காலம் அவற்றின் நடுவே காற்றைத் தவிர வேறொன்றும் இருந்ததில்லை.